நிலமும் பொழுதும்

சென்ற தை மாதத்தில் என் பழைய மாணாக்கர் ஒருவர் என்னைக் காண வந்தார். பாலபண்டித வகுப்பில் என்னிடம் நன்னூல் படித்தவர். இப்பொழுது கொழும்பிலே ஓர் அரச கந்தோரிற் கணக்கு வேலை பார்க்கிறார். க்ஷேமலாபங்களை விசாரித்து முடிந்ததும் சிறிது நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, "ஐயா, அம்மாவின் தோட்டக்காணி எட்டுப் பரப்பையும் விற்றுக் கொழும்பில் ஒரு பழைய வீடு வாங்கலாம் என்று யோசிக்கிறேன். இனி எழும்பப்போகிற பகுதி எது என்று உங்களுக்குத் தோன்றுகிறது?" என்று கேட்டார்.

எனக்கு நகைப்பு வந்துவிட்டது. "தம்பி, புணர்ச்சி விதியில் ஐயம் இருந்தாற் கேளும், விடை சொல்லுவேன். காணி விலையைப் பற்றித் தமிழ்ப் பண்டிதனிடம் கேட்பது கொல்லன் தெருவிற் பூ வாங்கப் போவது போலல்லவா?" என்றேன். அவர் விடவில்லை. "நீங்கள் பத்து வருடம் கொழும்பில் இருந்தவர்கள், தெருக்களை நடந்து பார்த்தவர்கள். தரகர்மார் சொல்லுவதை நம்ப எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு அதைவிட வேறொன்றும் இல்லை" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தின் பின் நகைக்க முடியவில்லை.

அவர் போனபின் திண்ணையில் இருந்து சிந்தித்தேன். வணிகர் தம் தொழிலில் இடும் பணத்துக்கு 'முதல்' என்று பெயர். தொல்காப்பியரும் அகத்திணைக்கு 'முதல்' எனச் சிலவற்றைக் கூறினார். அவை யாவை? நிலமும் பொழுதும். வேறொன்றும் அல்ல. காணியில் முதலிடுவோனுக்குத் தெரியவேண்டியனவும் அவ்விரண்டே: எந்த நிலம், எந்தப் பொழுது. நிலத்தைச் சரியாகத் தெரிந்து பொழுதைத் தவறவிட்டவர் பலர். அவர்களுள் அடியேனும் ஒருவன்.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின், 1996இல் நான் கொழும்புக்குப் போனேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஓட்டு வீடொன்றின் பக்க அறையை வாடகைக்கு எடுத்தேன். முற்றத்தில் ஓர் ஈரப்பலா; பின்புறம் ஒரு கிணறு; மாலையிற் புகையிரதம் போகும்போது யன்னற் கண்ணாடிகள் நடுங்கும். முதலாண்டில் ஒழுங்கையின் அந்தத்தில் இருந்த வீட்டு மதிலிலே நில அளவையாளர் இட்ட சிவப்புக் குறிகளைக் கண்டேன். மறு ஆண்டில் மணல் ஏற்றிய லொறி ஒன்று வடிகால் மூடியை உடைத்துவிட்டது என்று அயலார் சண்டையிட்டனர். அதன்பின் அவ்வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடிக் கட்டிடம் எழுந்தது. வீட்டுக்கார அம்மையார் ஒருநாள், "மாஸ்டர், தரகர்மார் நாளுக்கு இரண்டு பேர் வருகிறார்கள், உங்களுக்கு யாராவது வாங்குகிறவர்களைத் தெரியுமா?" என்று கேட்டார். நான் அப்பொழுது சிலப்பதிகார வகுப்புக்கு மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்னும் புகார் நகரின் இரு கூறுகளைப் பற்றிக் குறிப்பெழுதிக் கொண்டிருந்தேன். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய பட்டினத்தில் எந்தத் தெருவில் யார் வாழ்ந்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. என் யன்னலுக்கு வெளியே ஒரு பட்டினம் மாறிக்கொண்டிருந்தது தெரியவில்லை.

வெள்ளவத்தை ஏன் ஏறிற்று என்பதை இப்பொழுது எளிதிற் கூறலாம். போரினாற் பெயர்ந்து வந்தவர்களுக்குக் கோயிலும் தமிழ்ப் பாடசாலையும் காய்கறிக் கடையும் புகையிரத நிலையமும் நடந்துபோகும் தூரத்தில் வேண்டியிருந்தன. வெளிநாடு சென்ற பிள்ளைகள் பணம் அனுப்பினர். தனி வீடு வாங்க அப்பணம் போதாது. அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கப் போதும். கட்டிடத்தின் ஒரு பகுதியை மட்டும் தனி உடைமையாக ஆளுவதற்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்திருந்தது. தேவை, பணம், சட்டம் ஆகிய மூன்றும் ஓர் ஒழுங்கையிற் சந்தித்தன. ஆயினும் நடந்தபின் காரணம் கூறுவது உரையாசிரியன் வேலை. என் மாணாக்கர் கேட்டதோ நடக்குமுன் அறியும் வழியை.

ஒரு பகுதி ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் அப்பகுதிக்குள் நிகழும் செயலால் அல்ல. கொழும்பின் வரலாறே சான்று. பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியில் இந்நகரத்துச் செல்வர் விரும்பி வாழ்ந்த இடங்கள் வடக்கே இருந்தன: கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் முதலியன. 1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுக அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அது நிறைவுற்றது. கப்பல்கள் பெருகின. நிலக்கரியும் பண்டசாலைகளும் வண்டிகளும் கூலியாட்களும் வடக்கை நிறைத்தன. செல்வர் தெற்கே கொள்ளுப்பிட்டிக்கும் பம்பலப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் பெயர்ந்தனர். ஒல்லாந்தர் கறுவாப் பட்டைக்காக வளர்த்த தோட்டம் மாளிகைகளின் இருப்பிடமாயிற்று. மாளிகைகளின் இருப்பிடமோ பல குடும்பங்கள் பங்கிட்டு வாழும் வீடுகளின் தெருவாயிற்று. இங்கே ஒரு சொல் விநோதத்தையும் குறிப்பிடாமற் செல்ல மனம் வரவில்லை. கொழும்புத் தமிழில் 'தோட்டம்' என்றால் ஏழைகள் நெருங்கி வாழும் குடியிருப்பு என்று பொருள். 'வத்தை' என்பதும் தோட்டத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லே. அதே நகரில் ஆகப் பெரிய செல்வர் வாழும் இடமும் ஒரு தோட்டமே. சொல் ஒன்று; வேலியின் உயரம் வேறு.

இவ்வாறு இறங்கிய பகுதிக்குள் வசதியுடையோர் மீண்டும் புகுந்து, பழைய குடிகளை மெல்ல மெல்ல வெளியேற்றும் நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. இலண்டனில் வாழ்ந்த ரூத் கிளாஸ் என்னும் சமூகவியல் அறிஞர் 1964இல் அப்பெயரை இட்டார். இஸ்லிங்டன் முதலிய இடங்களில் தொழிலாளர் வாழ்ந்த வீடுகளை நடுத்தர வகுப்பார் வாங்கித் திருத்திக் குடியேறியதைக் கண்டு அவர் எழுதினார். நாட்டுப்புறச் சிறு நிலக்கிழாரைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து அதனை ஆக்கியதில் ஒரு குத்தலும் இருக்கிறது. நம்மவர் அதனை 'மேட்டுக்குடியாக்கம்' என்கின்றனர். சொல் அமைப்பிற் குறை காண்பதற்கில்லை. ஆனால் மேட்டுக்குடி ஆக்கம் பெறுவது மட்டுமே அதில் தெரிகிறது, பள்ளக்குடி பெயர்வது தெரியவில்லை.

1979இல் நீல் ஸ்மித் என்னும் புவியியலாளர் இதற்கு ஒரு காரணம் கூறினார். ஒரு காணி இன்று நிற்கும் நிலையில் தருகின்ற வாடகை ஒன்று. அதனை அதன் முழு ஆற்றலுக்கும் பயன்படுத்தினால் தரக்கூடிய வாடகை இன்னொன்று. நகரின் நடுவே இருந்தும் நெடுங்காலம் திருத்தப்படாது கிடக்கும் தெருக்களில் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வெளி அகன்றுகொண்டே போகும். போதிய அளவு அகன்றதும் பணம் அங்கே பாயும். நகரத்துக்குத் திரும்பி வருவது மக்கள் அல்லர், முதலே என்பது அவர் வாதம். இதைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பியரின் 'முதல்' மறுபடியும் நினைவுக்கு வந்தது.

ஆகவே அடுத்த முறை மாணாக்கர் வந்தபோது நான் கூறியது இது: "விலை குறைந்த இடத்தைத் தேடாதீர், அவ்வெளி அகன்ற இடத்தைத் தேடும். தொலைவிற் கிடக்கும் மலிவான காணி பெரும்பாலும் மலிவாய் இருக்க வேண்டிய காணியே. துறைமுகத்துக்கும் கோட்டைக்கும் நடந்து போகக்கூடிய தூரத்தில், பழுதான கூரையோடு நிற்கும் வீடுதான் கேள்விக்குரியது."

அவர் உடனே பத்திரிகைத் துணுக்கு ஒன்றை எடுத்தார். ஏதோ புதிய பாதை வரப்போகிறதாம். அதன் அருகே காணி விற்பனையாம். நான் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அறிவித்தலை நம்பிக் காணி வாங்குவது இந்நாட்டில் மேகத்தை நம்பி மிளகாய் காயவிடுவது போன்றது. கோட்டையிலிருந்து மாலபே வரை யப்பானியக் கடனுதவியோடு இலகு புகையிரதப் பாதை அமையும் என்றார்கள். 2020இல் அதனை நிறுத்தினார்கள். அப்பாதையை நம்பிப் பணம் முடக்கியோர் என் உறவினருள்ளும் உளர். இதற்கு மாறாக, 1982இல் பாராளுமன்றம் கோட்டேக்குப் பெயர்ந்தது. அதன்பின் பத்தரமுல்லைப் பக்கம் கந்தோர்கள் ஒவ்வொன்றாய்ச் சென்றன. 2011இல் தெற்கு அதிவேகப் பாதை கொட்டாவையிலிருந்து திறக்கப்பட்டது. கொட்டாவைச் சந்தியின் முகம் மாறியது. கல்லும் தாரும் விழுந்தபின் வாங்குவோன் சிறிது கூடுதலாகக் கொடுப்பான். ஆனால் இரவில் நித்திரை கொள்ளுவான்.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகார் நகரைக் கடல் கொண்டதற்கு இந்திரவிழா எடுக்க மறந்தமையை மணிமேகலை காரணமாகக் கூறும். கொழும்பைச் சூழ்ந்த தாழ்நிலங்களில் நாம் மறந்தது இந்திரனை அன்று, சதுப்பு நிலத்தை. மழைநீர் ஒதுங்கி நின்ற இடங்களை மண் இட்டு நிரப்பி வீடு கட்டினோம். 2016ஆம் ஆண்டு வைகாசியில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நீருள் ஆழ்ந்தன. 2018இல் கொழும்பு ஈரநில நகரம் என்னும் சர்வதேச அங்கீகாரம் பெற்றது என்பது பெருமைதான். வாங்கப்போகும் வீட்டின் சுவரில் வெள்ளம் நின்ற கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பது அதைவிடப் பயன் தரும். புதிதாக வெள்ளையடித்த வீட்டில் அந்தக் கோடு தெரியாது. அப்பொழுது அயல் வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கொழும்புக்குப் போனேன். இருவரும் கொச்சிக்கடையில் இறங்கிப் பொன்னம்பலவாணேசுவரரை வணங்கி, ஜம்பட்டா வீதி வழியே கொட்டாஞ்சேனை மேட்டை நோக்கி நடந்தோம். தரகர் ஒருவர் முன்னே சென்றார். நிலத்தையும் பொழுதையும் அடுத்துத் தொல்காப்பியர் கருப்பொருளைக் கூறுவார்: உணா, மரம், புள், பறை, செய்தி முதலானவை. தெருவை அறிவதற்கும் அவையே கருவி என்று மாணாக்கருக்குச் சொல்லிக்கொண்டு நடந்தேன். என்ன உணவு விற்கிறார்கள்? எந்நேரம் வரை விற்கிறார்கள்? காலையில் என்ன ஓசை கேட்கிறது, தச்சுச் சுத்தியலா, கலவை இயந்திரமா? வங்கிக் கிளையைக் கண்டு மகிழாதீர், அது பிந்தி வருவது என்றேன். பூச்சு உதிர்ந்த வீட்டைக் கண்டும் ஏமாறக்கூடாது. பணம் இல்லாமல் பூசாதவன் ஒருவன். இடிக்கப்போவதால் பூசாதவன் இன்னொருவன். இரண்டாமவன் மதிலில் அளவையாளரின் குறி இருக்கும். வெள்ளவத்தையில் நான் கண்டும் காணாத குறி அது.

தரகர் காட்டிய வீடு பழைய காலத்துப் பெருவீடு. முன் விறாந்தையில் உருண்டைத் தூண்கள். உள்ளே பலகைத் தடுப்புகளால் ஆறு வாசல்கள். "ஆறு குடும்பம். பயப்பட வேண்டாம் ஐயா, எழுப்பிவிடலாம்" என்றார் தரகர். விறாந்தையின் ஒரு மூலையில் முதிய தையற்காரர் ஒருவர் இயந்திரத்தின் முன் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து கதிரையைத் துடைத்துத் தந்தார். பேத்தியிடம் தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "காணி பார்க்க வந்தீர்களா? இந்த மாதத்தில் நீங்கள் மூன்றாவது ஆட்கள்" என்றார். குரலிற் கோபம் இல்லை.

"இந்தப் பகுதி மாறும் என்று நினைக்கிறீர்களா, ஐயா?" என்று நான் அவரையே கேட்டேன்.

அவர் தைத்துக்கொண்டிருந்த துணியைத் தூக்கிக் காட்டினார். "நாற்பது வருடமாக இங்கே தைக்கிறேன். தை மாதம் என்றால் பாடசாலைச் சீருடை. இரவு பகல் பாராமல் தைப்பேன். போன வருடமும் இந்த வருடமும் சீருடை பாதிதான். இதோ பாருங்கள், யன்னற்சீலை. எல்லாம் அந்த மேல்மாடிக்காரர் கொடுத்தது. பெரிய யன்னல்கள், நல்ல கூலி தருகிறார்கள். பிள்ளைகள் உள்ள சனம் போகிறது, யன்னல் உள்ள சனம் வருகிறது" என்றார்.

ரூத் கிளாஸும் நீல் ஸ்மித்தும் நூலெழுதிக் கூறியதை அந்த முதியவர் ஓர் அளவுநாடாவால் அளந்து வைத்திருந்தார். என் மாணாக்கர் கேட்ட கேள்விக்குரிய சரியான விடை, நான் கண்டவற்றுள், அதுவே. ஆம், அந்தத் தெரு ஏறும். அதே விடையில் அவர் தம்முடைய வெளியேற்றத்தையும் சொல்லிவிட்டார் என்பது தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்வரை எங்களுக்கு உறைக்கவில்லை. மாணாக்கர் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் அவர் பேசவில்லை. நான்தான் சட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன்; மௌனத்தை நிரப்ப வேறு வழி தெரியவில்லை. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பழைய குடியிருப்பாளருக்கு வலுவான பாதுகாப்பு அளித்தது. தரகர் 'எழுப்பிவிடலாம்' என்று சொல்லும் இடத்தில் வழக்குகள் ஒரு தலைமுறை நடந்ததும் உண்டு. பத்தாண்டு தடையின்றி எதிருரிமையோடு ஆண்டவன் ஆட்சியுரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். பிரியாத பங்குக்கு உறுதி வாங்கினால் வீட்டை வாங்கியவன் ஆகமாட்டான். சண்டையில் ஒரு பங்கை வாங்கியவன் ஆவான். காணிப்பதிவகத்தில் ஏடு பார்க்காமலும், மாநகரசபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ் இல்லாமலும் முற்பணம் கொடுக்கலாகாது. கடன் பெற்று வாங்குவோர் 2022ஐ மறத்தல் கூடாது: அவ்வாண்டு சித்திரையில் மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்திற்று. நிலமும் பொழுதும் சரியாயிருந்தும் தவணை கட்ட முடியாமற் போனவர் உளர்.

"அது கிடக்க, உமது தாயாரின் காணியை விற்பதற்கே ஒரு முறை உண்டு, தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றார். தேசவழமைக்கு உட்பட்ட காணியை அந்நியருக்கு விற்குமுன் பங்காளருக்கும் உரிமையாளராய் வரக்கூடியோருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும் என்பதை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூறும். "உமக்கு ஒரு தங்கை உண்டல்லவா? அவளிடம் சொன்னீரா?" என்றேன்.

"அவள் வாங்க மாட்டாள் என்று நினைத்துச் சொல்லவில்லை, ஐயா."

"நினைத்தலும் அறிவித்தலும் வேறு வேறு, தம்பி."

பங்குனி முடிவில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. தங்கையும் கணவரும் நான்கு பரப்பைச் சந்தை விலைக்கே வாங்கிக்கொள்ள இணங்கினராம். கிணறு அந்தப் பாதியில் இருக்கிறதாம். மற்றப் பாதியை விற்பதில்லை என்று தாயார் சொல்லிவிட்டாராம். அங்கே வெங்காயம் நட்டிருக்கிறார்கள். கையில் உள்ள பணத்துக்குக் கொட்டாஞ்சேனைப் பெருவீடு எட்டாது. எட்டினாலும் வாங்கியிருப்பாரா என்பதை அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

அதை வேறொருவர் வாங்கிவிட்டார். சென்ற மாதம் மாணாக்கர் அவ்வழியே போயிருக்கிறார். விறாந்தை வெறுமையாக இருந்ததாம். தூண்களில் சிவப்புக் குறி. ஆறு குடும்பமும் ஒரு தொகை பெற்றுக்கொண்டு போயினவாம். தையற்காரர் இயந்திரத்தைச் சிறு லொறியில் ஏற்றிக்கொண்டு வத்தளைப் பக்கம் மகள் வீட்டுக்குச் சென்றதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னாராம். தொலைபேசியில் இதையெல்லாம் சொல்லிவிட்டுச் சற்றுத் தயங்கி, "ஐயா, வத்தளைப் பக்கம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

களனி கங்கை பெருகினால் அந்த ஒழுங்கைக்குள் எத்தனை அடி வருகிறது என்று முதலில் தையற்காரரிடம் விசாரித்துக்கொண்டு வருமாறு சொன்னேன்.